இதர இனம்

ரசீதுப் புத்தகத்தில் மூன்று கட்டங்கள்தாம்:
ரொக்கம், காசோலை, இதர.
இதரவில் இதுவரை எழுதியவை
அரிசி மூட்டை, சக்கர நாற்காலி,
ஒருமுறை சுவர்க் கடிகாரம்.
அதில் கொடுத்தவர் பெயர்
மணி எண்களைவிடப் பெரிது.

இந்த முறை எழுதினேன்:
கார் ஒன்று. எம்.ஜி. மிட்ஜெட். 1964.
நிறம்: பாசிப் பச்சை.
"பந்தயப் பச்சை" என்று திருத்தினார் பகுருதீன் ராவுத்தர்.
எந்தப் பந்தயம் என்றேன்.
"கூத்தாநல்லூர்ல ஏதும்மா பந்தயம்,
வெள்ளைக்காரன் வெச்ச பேரு."

அவருடைய அத்தா பினாங்கிலிருந்து
கப்பலில் ஏற்றி நாகப்பட்டினத்தில் இறக்கியது.
கூரையை மடக்கினால் வானம்,
மடக்காவிட்டாலும் ஒழுகும்.
தரைக்கும் அதற்கும் ஒரு சாண்.
வேகத்தடை ஒவ்வொன்றிலும்
வயிற்றைத் தேய்த்துக்கொண்டுதான் போகும்.

சிங்கப்பூரிலிருந்து தம்பி மகன்கள்
கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடச் சொன்னார்களாம்.
"ஓட்டுறவனுக்கு ஒரு சீட்டு, மாப்பிள்ளைக்கு ஒரு சீட்டு.
பொண்ணு எங்கம்மா உக்காரும்?"

இருக்கை: இரண்டு என்று எழுதினேன்.
வலப்பக்கத் தோல் வெடித்துப் பஞ்சு தெரிந்தது.
இடப்பக்கம்
பெட்டியிலிருந்து எடுக்காத செருப்பு மாதிரி,
ஒரு சுருக்கம் இல்லை.
அதை எழுத ரசீதில் கட்டம் இல்லை.

கோயம்புத்தூர்க்காரர் போனில் ஒன்பது லட்சம் என்றார்.
எங்கள் கணக்கு வேறு:
டயாலிசிஸ் ஓர் அமர்வுக்கு ஆயிரத்து ஐந்நூறு,
வாரம் இரண்டு.
ஐந்து பேருக்கு முழு வருஷம்,
ஆறாவது ஆளுக்கு ஒன்பது மாதம்.
நான் கூட்டிய காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி
நெடுநேரம் பார்த்தார்.
"அந்த ஆறாவது ஆள்
பத்தாம் மாசம் என்ன செய்வாரு?"
மின்விசிறி சுற்றியது.
என்னிடம் அதைத் தவிர வேறு பதில் இல்லை.

லாரி மதகில் திரும்பாது.
லெட்சுமாங்குடிப் பாலம்வரை ஓட்டியாக வேண்டும்.
ஆர்.சி. புத்தகமும் கையெழுத்தும் என் பொறுப்பு,
ஆகவே இடப்பக்கத்தில் நான்.
தோல் முதல்முறையாக முனகியது.
துப்பட்டாவை இறுக்கிக்கொண்டேன்.

சாலையில் பாதியை நெல் எடுத்துக்கொண்டிருந்தது.
ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால்
கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் தொட மாட்டார்கள்.
வெயில் விழுந்த தாரெல்லாம் குறுவை.
காலால் துழாவிக்கொண்டிருந்தவள் நகரவில்லை.
"பொம்ம வண்டிதானே, மேல ஏத்திட்டுப் போங்க."
ஏற்றினார், சந்தனக்கூடு வேகத்தில்.
அடித்தகட்டில் மணிகள் தெறித்த சத்தம்
மழை கீழிருந்து பெய்ததுபோல்.

வழியெல்லாம் அவர் கேட்டது ஒன்றுதான்:
"அந்தப் பக்கம் காத்து அடிக்குதா?"
அடிக்குது என்றேன்.

பாலத்தடியில்
மீன்காரர் செவுளைத் திறந்து காட்டுவதுபோல்
பானெட்டைத் தூக்கிப் பேரம் பேசினார்.
அரைமணி நேரம். முப்பத்தாறாயிரம் கூடுதல் வேண்டும்.
"அது என்னங்க முப்பத்தாறு? முப்பத்தஞ்சா வெச்சுக்கலாம்."
"முப்பத்தாறு."
இருபத்து நான்கு அமர்வு.
வாங்குகிறவருக்குத் தெரியாது.
இவரும் சொல்லவில்லை.

லாரியில் ஏறியபோது டயர் வரிகளில்
நெல் பதிந்திருந்தது,
நிர்ணயித்ததைவிடக் கொஞ்சம் அதிக ஈரத்தோடு
மேற்கே போக.

திரும்பும்போது டவுன் பஸ்.
எனக்கு இலவசம், அவருக்கு ஏழு ரூபாய்.
சட்டைப்பையில் ஐந்நூறு தாள் மட்டும்.
நடத்துநர் முறைத்தார். நான் கொடுத்தேன்.
இறங்கும்போது
ரசீது வேணுமாம்மா என்று கேட்டார்,
சிரிக்காமல்.